கலைஞனுக்கு உரியது எது?

சென்ற பருவத்தின் இறுதியில் ஓரிரவு, முதலாண்டு மாணவர் ஒருவர் என் அறைக்கு வந்தார். சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இத்தனை தொலைவு படிக்க வந்தவர்; நன்றாக எழுதக்கூடியவர். பல்கலைக்கழகத்தில் நடந்த பன்மொழி ஓரங்க நாடகப் போட்டிக்கு நம் சங்கத்தின் சார்பில் அவர் எழுதி இயக்கிய நாடகமே சென்றிருந்தது. அன்று மாலைதான் முடிவு தெரிந்தது. பரிசுப் பட்டியலில் நம் நாடகம் இல்லை.

நடுவர் மூவருக்கும் தமிழ் தெரியாது. அரங்கில் பாதிக்குமேல் நாற்காலிகள் காலி. இரண்டாம் காட்சியின் நடுவே ஒலிபெருக்கி நின்றுவிட்டது. நாடகத்தின் கையெழுத்துப் படியை என் மேசைமேல் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "இனிமேல் எழுதுவதாக இல்லை, அண்ணா. இந்த ஊரில் யாருக்காக எழுதுவது?"

உடனே ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் படியின் கடைசித் தாளைத் திருப்பி, நடுவே ஒரு கோடு போட்டேன். "தம்பி, நேற்று நடந்ததில் உன் கையில் இல்லாதவற்றை எல்லாம் இடப்பக்கம் எழுது. உன் கையில் இருந்தவற்றை வலப்பக்கம் எழுது" என்றேன்.

இடப்பக்கம் விரைந்து நிறைந்தது. நடுவர்கள், மொழி, கூட்டம், ஒலிபெருக்கி, நமக்குக் கிடைத்த பிற்பகல் நேரம், காய்ச்சலில் படுத்துவிட்ட நடிகர் என்று ஆறு வரிகள். வலப்பக்கம் நெடுநேரம் வெறுமையாகவே இருந்தது. பிறகு ஒரே ஒரு வரி எழுதினார்: "மூன்றாம் காட்சி நீளம்."

"இது உனக்கு எப்போது தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒத்திகையிலேயே தெரியும், அண்ணா. நேரமில்லை என்று விட்டுவிட்டேன்."

நண்பர்களே, அந்த ஒரு வரியைப் பற்றியதே இக்கட்டுரை. நம்மிடையே பாடுவோர் உண்டு, ஆடுவோர் உண்டு, கவிதையும் கதையும் எழுதுவோர், படம் வரைவோர், குறும்படம் எடுப்போர் உண்டு. அவர்களுள் பலர் கலையைக் கைவிடுவதைக் கண்டிருக்கிறேன். திறமை இன்மையால் விட்டவர் மிகச் சிலரே. தம் கையில் இல்லாத ஆறு வரிகளோடு போராடிக் களைத்து, கையில் இருந்த ஒரு வரியைத் தொடாமலே விட்டவர்களே பலர்.

மூன்று வட்டங்கள்

நம் ஆற்றலுக்கு உட்பட்டது எது, உட்படாதது எது என்று பிரித்து அறிவதே வாழ்வின் முதற்பாடம் என்று கற்பித்தார் எபிக்டெட்டசு என்னும் அறிஞர். கிரேக்க மொழி வழங்கிய நாட்டில் அடிமையாகப் பிறந்தவர் அவர். தம் உடலின்மேலேயே உரிமை இல்லாத நிலையில் வாழ்ந்த ஒருவர் இப்பாடத்தைச் சொன்னார் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

கலைஞனுடைய தொழிலுக்கு இப்பாடத்தைப் பொருத்தும்போது இரண்டு பிரிவுகள் போதா. மூன்று வட்டங்கள் வேண்டும்.

உள்வட்டத்தில் இருப்பவை முழுதும் நம்முடையவை. நாள்தோறும் பயிற்சிக்கு உட்காருதல், ஒரு வரியை மீண்டும் எழுதுதல், கூர்ந்து நோக்குதல், தெரியாததைக் கேட்டறிதல், நன்றாக வராத பகுதியை நன்றாக வரவில்லை என்று ஒப்புக்கொள்ளுதல் ஆகியவை இங்கே அடங்கும்.

நடுவட்டத்தில் இருப்பவை ஓரளவு நம் முயற்சிக்கு இணங்குபவை. உடன் நடிப்பவரின் உழைப்பு, அரங்கின் ஒலி, வேண்டிய பணம், நம்மை அறிந்த பத்துப்பேர் வந்து அமர்தல் ஆகியவை இத்தகையன. கேட்டுப் பெறலாம், ஏற்பாடு செய்யலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது.

புறவட்டத்தில் இருப்பவை பிறருடைய மனமும் காலத்தின் போக்கும். பரிசு, பாராட்டு, புகழ், பத்திரிகை ஆசிரியரின் முடிவு, நாம் ஏற்றிய படத்தை எத்தனை பேர் விரும்பினர் என்று கைப்பேசி காட்டும் எண்ணிக்கை ஆகிய யாவும் இதில் அடங்கும்.

இப்புறவட்டம் எவ்வளவு பெரியது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் சோழர் காலத்து ஓவியர்கள் தீட்டிய ஓவியங்களின்மேல், பிற்காலத்தில் நாயக்கர் ஆட்சியில் வேறு ஓவியங்கள் தீட்டப்பட்டன. அடியில் இருந்தவை பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் அவற்றை வெளியுலகுக்கு அறிவித்தார். தீட்டியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. தம் ஓவியம் மறையும் என்பதும், பின்னொரு நாள் வெளிப்படும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க முடியாது. அவர்களுக்கு உரியதாக இருந்தது கோட்டின் உறுதியும் நிறத்தின் தெளிவுமே. மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் இன்று நாம் காண்பதும் அவற்றைத்தான்.

திருவள்ளுவர் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று வினையைப் பற்றி மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். புகழுக்கு என்று இல்லறவியலின் இறுதியில் ஓர் அதிகாரம் வைத்தார். வினையைப் பற்றிய அம்மூன்றும் அமைச்சரை நோக்கிச் சொல்லப்பட்டவையே எனினும், வினை செய்யும் எவர்க்கும் உரியவை. நாடகம் எழுதுகிறவனும் வினை செய்கிறவனே அன்றோ?

ஈரச் சுவரின் முன்னே

இனி, நம் நாட்டுக் கலைஞர் ஒருவரின் வாழ்வைக் காண்போம். பினோத் பிகாரி முகர்ஜி 1904இல் கல்கத்தாவை அடுத்த பெகாலாவில் பிறந்தார். பிறவியிலேயே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொரு கண்ணிலும் கடுமையான கிட்டப்பார்வை. இத்தகைய பிள்ளையை எந்தத் தொழிலுக்கு அனுப்புவது என்று எந்தக் குடும்பமும் கலங்கும். ஓவியத்துக்கு அனுப்பலாம் என்று எவரும் நினையார். அவரோ சாந்திநிகேதனத்துக் கலாபவனம் தொடங்கிய 1919ஆம் ஆண்டிலேயே அங்கே மாணவராகச் சேர்ந்தார். நந்தலால் போசிடம் பயின்றார். பிறகு அங்கேயே ஆசிரியரும் ஆனார்.

அவருடைய பெரும்படைப்பு, சாந்திநிகேதனத்து இந்தி பவனத்தின் சுவர்களில் 1946–47இல் தீட்டிய இடைக்காலத்து அடியார்களின் வாழ்க்கை ஓவியம். இராமாநுசர், கபீர், சூர்தாசர், துளசிதாசர், குரு கோவிந்த சிங் முதலியோர் அதில் மக்கள் வெள்ளத்தின் நடுவே தோன்றுகின்றனர். தமிழ்நாட்டில் பிறந்த இராமாநுசரும் வங்கத்துச் சுவர் ஒன்றில் இடம்பெற்றிருப்பதை அங்கே செல்லும் நம் மாணவர்கள் காணத் தவறக் கூடாது.

அவ்வோவியம் ஈரச் சுண்ணத்தின்மேல் தீட்டப்பட்டது. இம்முறையின் இயல்பை அறிந்தால்தான் நாம் பேசும் பொருள் விளங்கும். சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தைச் சுவரில் பூசி, அது காய்வதற்குள் நீரில் குழைத்த நிறத்தால் தீட்டவேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லக் கல்லாக இறுகுகிறது. இறுகும்போது நிறத்தையும் தன்னுள் பூட்டிக்கொள்கிறது. சாந்து காய்ந்தபின் தீட்டிய நிறம் அவ்வாறு பற்றாது. தவறு நேர்ந்தால் அப்பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசவேண்டும்.

சாந்து காயும் விரைவு ஓவியனின் விருப்பத்தைக் கேட்பதில்லை. வெயிலும் காற்றும் அதை முடிவு செய்கின்றன. ஆகவே இக்கலையில் தேர்ந்தவர் சுவர் முழுவதையும் ஒரே நாளில் பூசுவதில்லை. இன்று தீட்டி முடிக்கக்கூடிய அளவு எதுவோ, அந்த அளவே பூசுவர். காய்கிற நேரத்தை மாற்ற முடியாது; பூசுகிற பரப்பைத் தீர்மானிக்கலாம். நம் பாடம் முழுவதும் இச்செய்தியில் அடங்கியிருக்கிறது.

பினோத் பிகாரி அச்சுவர்களில் முழு அளவுப் படிவம் வரைந்து அதைப் பெயர்த்து எடுக்கும் வழக்கத்தைக் கைக்கொள்ளவில்லை. நேரே தீட்டினார். தொலைவில் நின்று சுவர் முழுவதையும் ஒருசேரக் காண்பது அவர் கண்ணுக்கு எளிதன்று. அருகே இருந்த பகுதியைத் தெளிவாகக் கண்டார். முழுமையை மனத்தில் வைத்திருந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்துவிட்டு 1944இல் கலாபவனத்தில் சேர்ந்த கே. ஜி. சுப்பிரமணியன் அவரிடம் பயின்ற மாணவர்களுள் ஒருவர். பின்னாளில் நாடறிந்த ஓவியராக விளங்கியவர் அவர்.

இதோடு கதை முடியவில்லை. ஐம்பதுகளின் பிற்பகுதியில் கண் அறுவை ஒன்று பயன் தராமற் போக, பினோத் பிகாரிக்கு இருந்த சிறிதளவு பார்வையும் முற்றும் நீங்கியது. அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. ஓவியன் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய இழப்பு உண்டா?

அவருடைய உள்வட்டம் அன்று சுருங்கிவிட்டது. அது எங்கே வந்து நின்றது என்பதை அவர் தேடிப் பார்த்தார். விரல்கள் இருந்தன, நினைவு இருந்தது, முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட பயிற்சி இருந்தது. தாளை மடித்தார், கத்தரித்தார், வெட்டிய தாள்களை ஒட்டிப் படம் சமைத்தார். களிமண்ணில் சிறு உருவங்கள் செய்தார். கோட்டோவியங்களும் வரைந்தார். கலாபவனத்துக்கு மீண்டு வந்து மாணவர்க்குக் கற்பித்தார். 1972இல், பார்வை இழந்த அக்கலைஞரின் ஓட்டுச் சுவரோவியம் ஒன்று கலாபவனத்தில் அமைந்தது. தம் அனுபவங்களை வங்காளியில் எழுதவும் செய்தார். 1980இல் மறையும்வரை அவர் கலைஞராகவே வாழ்ந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண் இருந்த காலத்து ஓவியத்தைக் கண் இல்லாமல் தீட்ட அவர் முயலவில்லை. கையால் ஆவது எது என்று கண்டு அதைச் செய்தார். நம் கைக்குள் இருப்பதன் எல்லை என்றும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. உடல்நலம், பணம், ஊர், வயது ஆகியவை மாற மாற அதுவும் மாறும். ஆகவே ஒருமுறை கோடு போட்டுவிட்டால் போதாது; அவ்வப்போது அழித்து மீண்டும் போடவேண்டும்.

வழியில் வைத்த சுள்ளிகள்

அவரிடம் கலாபவனத்தில் 1940 முதல் 1942 வரை பயின்ற மற்றொரு மாணவர் சத்யஜித் ராய். தம் ஆசிரியரைப் பற்றி 1972இல் 'உள் விழி' என்னும் பொருள்படும் தலைப்பில் ஆவணப்படம் ஒன்றை எடுத்தவரும் அவரே. அவருடைய முதல் படம் உருவான வரலாறு, நடுவட்டத்தையும் புறவட்டத்தையும் கலைஞன் எவ்வாறு எதிர்கொள்வது என்பதற்கு நல்ல பாடம்.

ராய் 1943 முதல் கல்கத்தாவில் விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராக வேலை பார்த்தார். விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் 'பதேர் பாஞ்சாலி' புதினத்தைப் படமாக்க விரும்பினார். பணம் தருவார் இல்லை. தம் காப்புறுதிப் பத்திரத்தையும் இசைத்தட்டுகளையும் பணமாக்கினார். மனைவியின் நகைகள் அடகுக்குச் சென்றன. ஒளிப்பதிவு செய்த சுப்ரதோ மித்ரா இளைஞர். அதற்குமுன் திரைப்படக் கருவியை இயக்கியதே இல்லை.

முதல் நாள் படப்பிடிப்பு 1952 அக்டோபர் 27 அன்று நடந்தது. வெண்ணிற நாணற்பூக்கள் பூத்த வெளியில், சிறுவன் அப்பு தன் அக்காவைத் தேடி நடந்து வரவேண்டும். மறுவாரம் சென்று பார்த்தபோது பூக்களைக் காணோம். மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! அடுத்த ஆண்டு நாணல் பூக்கும்வரை அக்காட்சி காத்திருக்க வேண்டியதாயிற்று.

மாட்டையும் பருவத்தையும் கோபித்துப் பயன் இல்லை. ஆனால் அந்த முதல் நாளிலேயே ராய் ஒன்றைக் கற்றார். சிறுவன் இயல்பாக நடக்கவில்லை. பொம்மைபோல விறைப்பாக நடந்தான். தேடுகிற முகமும் வரவில்லை. 'தேடுவதுபோல நட' என்று ஒரு குழந்தையிடம் எத்தனை முறை சொன்னால்தான் என்ன? குழந்தையின் உள்ளம் இயக்குநரின் கையில் இல்லை. ராய் அவன் நடக்கும் வழியில் சிறு சுள்ளிகளைப் போட்டுவைத்தார். நாணலின் மறைவில் இங்குமங்கும் ஆட்களை நிறுத்தி, இடையிடையே அவனை அழைக்கச் செய்தார். சுள்ளியைத் தாண்டக் குனிந்தும், குரல் வந்த பக்கம் திரும்பியும் சிறுவன் நடந்தான். தேடுகிற நடை தானே வந்துவிட்டது.

நண்பர்களே, நடுவட்டத்தில் நாம் செய்யக்கூடியது இதுதான். பிறருடைய மனத்தை நம் விருப்பப்படி இயக்க இயலாது. அவர் நடக்கும் வழியில் எதை வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது. நாடகம் பார்ப்போரை அழவைக்க நம்மால் ஆகாது. அழுவதற்கு உரிய இடத்தில் ஒரு சொல்லைக் குறைத்து, ஒரு நொடி அமைதியை வைக்க நம்மால் ஆகும்.

பணம் தீர்ந்து படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றது. இறுதியில் மேற்கு வங்க அரசு பணம் தந்தது. இடைப்பட்ட காலத்தில் சிறுவனின் குரல் உடைந்திருக்கலாம். சிறுமி வளர்ந்து பெரியவளாகியிருக்கலாம். கிழவி வேடம் ஏற்ற, எண்பதை ஒட்டிய வயதினரான சுனிபாலா தேவி இறந்திருக்கலாம். இம்மூன்றும் நேராமற் போனதைப் பின்னாளில் ராய் அற்புதமாகவே கருதினார். தம் திறமையால் வென்றதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. புறவட்டத்திலிருந்து வந்த நன்மையையும் புறவட்டத்தின் கணக்கிலேயே எழுதினார். தோல்வியில் தன்னை நொந்துகொள்ளாத தெளிவுக்கும் வெற்றியில் செருக்காத தெளிவுக்கும் வேர் ஒன்றே.

படம் 1955 மே மாதத்தில் நியூயார்க் நகரத்துக் கலைக்காட்சியகம் ஒன்றில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. குறித்த நாளுக்குள் அனுப்புவதற்காக இரவும் பகலுமாகத் தொகுப்பு வேலை நடந்தது. வசனத்தின் மொழிபெயர்ப்பு வரிகளைப் படத்தில் சேர்க்க நேரமில்லை. வங்காளி அறியாதவர்களே பெரும்பாலும் அமர்ந்திருந்த அரங்கில் படம் வங்காளியில் மட்டுமே பேசியது. எனினும் அவர்களுக்குப் புரிந்தது. அவர்கள் அதை வரவேற்றனர். காரணம் என்ன? சுள்ளியைத் தாண்டுகிற சிறுவனின் நடைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டு 26 அன்று படம் கல்கத்தாவில் வெளிவந்தது. முதல் நாட்களில் கூட்டம் குறைவு. பார்த்தவர் சொல்லிச் சொல்லி அரங்கு நிறையத் தொடங்கியது. அவ்வாறு நிறைந்த வேளையில் ஓர் அரங்கிலிருந்து அதை எடுக்க நேர்ந்தது. நம் ஜெமினி வாசனின் 'இன்சானியத்' என்னும் இந்திப் படத்துக்கு அவ்வரங்கு முன்பே ஒப்பந்தமாகியிருந்தது! மறுஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த மனித ஆவணம் என்னும் சிறப்பைப் 'பதேர் பாஞ்சாலி' பெற்றது. கூட்டம் வந்ததும், அரங்கு போனதும், சிறப்புக் கிடைத்ததும் ஆகிய எதுவும் ராயின் கையில் இல்லை. முதல் நாளே சுள்ளிகளை வைத்தது அவர் கையில் இருந்தது.

மூன்று ஐயங்கள்

இவ்வளவு சொன்னபின் நண்பர்கள் சிலர் ஐயம் எழுப்பக் கூடும்.

முதல் ஐயம்: 'கையில் இருப்பதை மட்டும் பார் என்றால், அநீதியைக் கண்டும் வாய்மூடி இருக்கச் சொல்கிறீரா?' அன்று. தமிழ் அறியாத நடுவர்கள் தமிழ் நாடகத்தை மதிப்பிடுவது முறையன்று என்று விண்ணப்பம் எழுதுவது நம் கையில் இருக்கிறது. அதைச் சங்கம் எழுதவேண்டும், எழுதும். விண்ணப்பத்தின் முடிவு நம் கையில் இல்லை. ஆனால் விண்ணப்பம் எழுதியதனால் மூன்றாம் காட்சி குறைந்துவிடாது. இரண்டையும் செய்யவேண்டும், ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்புதல் கூடாது.

இரண்டாம் ஐயம்: 'வயிற்றுக்கு வழி இல்லாதவனிடம் பரிசைப் பாராதே என்று சொல்வது எளிது.' உண்மை. ராய் படம் எடுக்கத் தொடங்கியபோது வேலையை விட்டுவிடவில்லை. ஓய்வு நாட்களிலும் விடுமுறைகளிலும் படப்பிடிப்பை நடத்தினார். சோற்றுக்கு ஒரு வழியைத் தேடிக்கொள்வதும் கலைஞனின் உள்வட்டத்தைக் காக்கும் செயலே. அடுத்த மாத வாடகைக்குப் புகழை நம்பியிருப்பவன், ஒவ்வொரு வரியிலும் பிறர் முகத்தைப் பார்க்க வேண்டியவன் ஆகிறான். நாம் இங்கே பொறியியலும் பொருளியலும் படித்துக்கொண்டே பாடுவதும் எழுதுவதும் இழிவல்ல.

மூன்றாம் ஐயம்: 'பாராட்டை விரும்புவது குற்றமா?' குற்றமில்லை. கைதட்டல் கேட்டால் மகிழாதவர் யார்? மகிழலாம். மறுநாட்காலை எழுந்ததும் என்ன செய்வது என்பதை மட்டும் அக்கைதட்டலிடம் கேட்கக் கூடாது.

நாளும் செய்யத்தக்கவை

பாடம் என்று தலைப்பிட்டுப் பேசத் தொடங்கினால் பயிற்சியும் கொடுக்கவேண்டும் அல்லவா? நான் செய்து பார்த்துப் பயன் கண்ட நான்கினைக் கூறுகிறேன்.

ஒன்று: தொடங்குமுன் தாளை இரண்டாகப் பிரியுங்கள். போட்டி முடிந்தபின் அந்த மாணவர் எழுதியதை, போட்டிக்கு ஒரு திங்கள் முன்னே எழுதுங்கள். வலப்பக்கம் ஒரு வரிதான் இருந்தாலும் அந்த ஒரு வரிக்கே முதல் நேரத்தைக் கொடுங்கள்.

இரண்டு: குறிக்கோளைச் செயலாகச் சொல்லுங்கள். 'இவ்வாண்டு முதற்பரிசு பெறுவேன்' என்பது பிறர் கையில் உள்ளது. 'நாள்தோறும் காலை அரைமணி நேரம் சுருதியோடு சாதகம் செய்வேன்', 'வாரம் ஒரு காட்சியைத் திருத்துவேன்' என்பவை நம் கையில் உள்ளவை. இரவில் படுக்கும்போது செய்தோமா இல்லையா என்று நம்மால் ஐயமின்றிச் சொல்ல முடியவேண்டும். அதுவே நல்ல குறிக்கோளுக்கு அடையாளம்.

மூன்று: சுவரைச் சிறிதாகப் பூசுங்கள். தேர்வுகளுக்கு இடையே நாவல் எழுத உட்கார்ந்து, பத்துப் பக்கத்தில் நின்று, தன்னை வெறுத்துக்கொள்வோர் உண்டு. இரண்டு மணி நேரமே கிடைக்குமானால், இரண்டு மணி நேரத்தில் முடியக்கூடிய ஒரு பகுதியை எடுங்கள். அதை முழுமையாக முடியுங்கள். நாளை அடுத்த பகுதி.

நான்கு: பிறர் கருத்தைக் கேட்கும்போது தீர்ப்பைக் கேளாதீர்கள். 'நன்றாயிருக்கிறதா?' என்று கேட்டால் நண்பர் நம் முகத்துக்கு அஞ்சி 'ஆம்' என்பார். 'எந்த இடத்தில் உமக்குக் கவனம் சிதறியது?' என்று கேளுங்கள். அவர் காட்டும் இடம் நாம் திருத்தக்கூடிய இடம். பாராட்டும் பழிப்பும் புறவட்டத்தைச் சேர்ந்தவை. அந்த ஓரிடம் மட்டும் நம்மிடம் திரும்பி வருகிறது.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இப்பாடம் இன்னும் இன்றியமையாதது. இங்கே நம் பாட்டின் சொல் புரியாதவர் பலர். நம் கதையைப் படிக்க இயலாதவர் பலர். ஊரில் இருந்தால் எளிதாகக் கிடைக்கும் கூட்டம் இங்கே கிடைப்பதில்லை. இதையே நாளும் எண்ணி வருந்தினால், நான்காண்டு முடிந்து ஊர் திரும்பும்போது நம் கையில் வருத்தம் மட்டுமே மிஞ்சும். சொல் புரியாதவர்க்கும் நடையும் முகமும் குரலும் புரியும்படி செய்வது எப்படி என்று இங்கேதான் கற்க முடியும். அவ்வகையில் இவ்வூர் நமக்கு ஒரு பள்ளிக்கூடம்.

அன்றிரவு அந்த மாணவர் நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பிறகு மேசைமேல் வைத்த படியைத் தாமே எடுத்துக்கொண்டார். "மூன்றாம் காட்சியை மட்டும் ஒருமுறை பார்க்கிறேன், அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து வந்தார். பதினான்கு பக்கம் ஆறு பக்கமாகியிருந்தது. மூன்றாம் காட்சியில் தாய் பேசிய நீண்ட பேச்சு முழுவதும் போய்விட்டது. அவள் மகனுடைய பெட்டியைத் திறந்து, மடித்த சட்டைகளை வெளியே எடுத்து, மீண்டும் மடித்து வைக்கிறாள். அவ்வளவுதான். படித்துவிட்டு நான் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

வரும் போட்டியில் அது பரிசு பெறுமா? எனக்குத் தெரியாது, அவரும் கேட்கவில்லை. வரும் சனிக்கிழமை மாலை சங்கக் கூட்டத்தில் அந்நாடகத்தை அவர் படிக்கவிருக்கிறார். ஒலிபெருக்கி இராது, சிறிய அறையே போதும். நண்பர்கள் வந்து கேட்டு, எந்த இடத்தில் கவனம் சிதறியது என்று அவருக்குச் சொல்லுமாறு வேண்டுகிறேன்.